பள்ளி திறந்த முதல் மூன்று வாரம்: கடலோரத் தொடக்கப் பள்ளிக்கான செய்முறை வழிகாட்டி

ராமநாதபுரம் கரையில் தேவிபட்டினத்திலோ மண்டபத்திலோ ஏர்வாடியிலோ ஐந்தாம் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு எந்தக் காற்றில் கடல் முரண்டும், எந்தக் கட்டை மிதக்கும், நனைந்த வலை ஏன் அப்படிக் கனக்கும் என்பதெல்லாம் வீட்டிலேயே பழக்கம். பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் செய்து பார்க்காதது ஒன்று: தெரிந்ததை அளந்து எண்ணாக எழுதுவது. ஜூன் மாதத்தின் முதல் மூன்று வாரத்தை அதற்கே கொடுங்கள். அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஐந்தையும் சேர்த்து ‘ஸ்டீம்’ என்கிறோம். அதற்கென்று தனிப் பாடவேளையோ விலை கூடிய பெட்டியோ வேண்டாம். கீழே உள்ள செயல்கள் எல்லாம் கரையிலும் கடைத்தெருவிலும் கிடைக்கும் பொருள்களால் நடப்பவை.

எல்லாச் செயலுக்கும் ஒரே விதி: ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், ஒன்றை மட்டும் அளக்க வேண்டும். இந்த விதி தளர்ந்தால் வகுப்பு கலகலப்பாக இருக்கும், ஆனால் எதனால் எது நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

பொருள் சேர்ப்பது

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறக்கும் நாள்களில் விசைப்படகுகள் இன்னும் கரையில் நிற்கும். வலை பின்னலும் பழுது பார்த்தலும் நடந்துகொண்டிருக்கும். வெட்டிப்போட்ட வலைத்துண்டு, உடைந்த மிதவை, கயிற்று நுனி எல்லாம் கேட்டால் கிடைக்கும் நேரம் அதுதான். ஜூன் 15 பிறந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் கைவேலை ஓயாது. எனவே முதல் நாளே பெற்றோரிடம் சொல்லி வையுங்கள்.

32 பிள்ளைகள் என்றால் நான்கு பேராக 8 குழு. 8 குழுவுக்கும் சேர்த்து வேண்டியவை: 30 செ.மீ. அகல அலுமினியத் தாள் ஒரு சுருள், ஒரே அளவுக் கண்ணாடிக் கோலி 120, அகன்ற பிளாஸ்டிக் தொட்டி அல்லது பேசின் 8, பொடி உப்பு 1 கிலோ, முட்டை 8, டீஸ்பூன் 8, மூன்று வேறு வலைக்கண் அளவுள்ள வலைத்துண்டுகள், பனங்குருத்தோலை, 130 செ.மீ. நேரான கம்பு ஒன்று, காலி நூல்கண்டு ரீல், அட்டைப்பெட்டி, 10 லிட்டர் கடல்நீர். கடல்நீரைக் கரையோரம் மணல் கலங்கும் இடத்தில் மொள்ள வேண்டாம். படகில் போகும் பெரியவர் யாரிடமாவது கேன் கொடுத்து அனுப்புங்கள். வந்த நீரை ஒரு இரவு அசையாமல் வைத்து, மேலாக இறுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பிள்ளைகள் உற்சாகத்தில் கரையில் கிடப்பதையெல்லாம் அள்ளி வருவார்கள். பவளத் துண்டு, கடற்குதிரை, கடல் அட்டை எதுவும் வகுப்புக்குள் வரக்கூடாது. காய்ந்து கிடந்தாலும் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. இந்த உயிரினங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. சங்கு வகைகளிலும் சில காக்கப்பட்டவை. ஆகவே அலையடித்து ஒதுங்கிய வெறும் மட்டி ஓடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

குழு பிரிக்கும்போது அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்ட வகுப்பில் செய்வது போல அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்காதீர்கள். இங்கே கலந்து உட்கார வேண்டும். எழுதத் தடுமாறும் பிள்ளை கையால் செய்வதில் முந்தி நிற்பதை மற்றவர்கள் பார்ப்பது முதல் வாரத்திலேயே நடக்க வேண்டும். ஒருவர் பொருள் எடுப்பார், ஒருவர் செய்வார், ஒருவர் அளப்பார், ஒருவர் எழுதுவார். அடுத்த செயலில் வேலை மாறும். மாற்றாவிட்டால் கையெழுத்து அழகாக உள்ள பெண்குழந்தையே ஆண்டு முழுக்க எழுதிக்கொண்டிருப்பாள்.

நோட்டில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பக்கம். மேலே யூகம், நடுவில் அளவு, கீழே படம். யூகத்தைச் செயலுக்கு முன்பே பேனாவால் எழுதிவிட வேண்டும். பென்சிலில் எழுதினால் விடை தெரிந்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். பிழையான யூகத்துக்கு மதிப்பெண் குறையாது என்பதை வாயால் சொன்னால் நம்ப மாட்டார்கள். நாலைந்து நாள் நீங்கள் அப்படி நடந்துகொண்டால் நம்புவார்கள்.

முதல் வாரம்: எத்தனை கோலி தாங்கும்?

அலுமினியத் தாளை 10 செ.மீ. சதுரங்களாக வெட்டுங்கள். 30 செ.மீ. அகலச் சுருளில் 10 செ.மீ. நீளத்துக்கு மூன்று சதுரம் கிடைக்கும். குழுவுக்கு மூன்று என்றால் மொத்தம் 24. அதாவது 80 செ.மீ. தாள் போதும்.

1. பேசினில் 8 செ.மீ. உயரத்துக்கு நல்ல தண்ணீர். வராந்தாவில் வைக்காதீர்கள், காற்று அலையெழுப்பும். வகுப்பின் மூலையில், தரையில் வையுங்கள்.

2. முதல் சதுரத்தில் குழு தன் விருப்பப்படி படகு செய்யட்டும். நீங்கள் மாதிரி காட்டக் கூடாது. காட்டினால் எட்டுப் படகும் ஒரே அச்சாக வரும், ஒப்பிட ஒன்றும் இருக்காது.

3. கோலியை ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும். மூழ்கியபோது இருந்த எண்ணிக்கையிலிருந்து ஒன்று குறைத்து எழுதுவதுதான் அந்தப் படகின் தாங்குதிறன்.

4. இரண்டாம் சதுரத்தில் எல்லாக் குழுவும் பெட்டி வடிவம். சுவர் உயரம் மட்டும் மாறும்: இரண்டு குழு 1 செ.மீ., இரண்டு குழு 1.5, இரண்டு குழு 2, இரண்டு குழு 3.

5. கரும்பலகையில் சுவர் உயரம் ஒரு பக்கம், கோலி எண்ணிக்கை ஒரு பக்கம் வைத்துப் பட்டை வரைபடம்.

இதன் கணக்கை ஆசிரியர் முன்பே தெரிந்து வைத்திருப்பது நல்லது. 1 செ.மீ. சுவர் என்றால் அடி 8 × 8, கொள்ளளவு 64 மி.லி. 1.5 என்றால் 7 × 7 × 1.5, அதாவது 73.5 மி.லி. 2 என்றால் 72. 3 என்றால் 48 தான். ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம், 16 மி.மீ. கோலி ஏறத்தாழ 5 கிராம். எனவே ஒன்றரை செ.மீ. படகு கணக்குப்படி 14 கோலி வரை தாங்க வேண்டும். வகுப்பில் பெரும்பாலும் அதைவிட மூன்று நான்கு குறைவாகவே வரும். சுவர் எவ்வளவு உயர்ந்தாலும் நல்லது என்றே எல்லாப் பிள்ளையும் யூகிக்கும், 3 செ.மீ. படகு தோற்கும்போது வகுப்பில் எழும் வாக்குவாதத்தை அவசரப்பட்டு முடித்து வைக்காதீர்கள்.

கணக்கைவிடக் குறைந்த கோலியிலேயே மூழ்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கனம் இல்லை, சாய்வு. கோலி உருண்டு ஒரு மூலைக்குப் போகும், படகு சாயும், ஓரம் நீருக்குள் போகும். மீன்பிடிப் படகில் ஐஸும் மீனும் தனித்தனி அறையில் ஏன் இருக்கின்றன என்று கேளுங்கள். வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். மூன்றாம் சதுரத்தில், மிஞ்சிய தாளால் குறுக்குத் தடுப்பு வைத்து மறுபடி செய்யட்டும். தடுப்பு வைத்த படகு இரண்டு மூன்று கோலி கூடுதலாகத் தாங்குவது வழக்கம். இன்னொரு கோளாறு மூலையில் வரும் கிழிசல். மூலையை வெட்டி ஒட்டாமல், முக்கோணமாக மடித்துச் சுவரோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கோலிக்குப் பதில் புளியங்கொட்டை கொடுத்துப் பத்துப் பத்தாகக் கூட்டி எண்ண வைக்கலாம். ஆனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது அது.

இந்தப் படகைக் கடல்நீரில் விட்டால் கூடுதலாகத் தாங்கும் என்று சொல்லிக் காட்டப் பலருக்கும் ஆசை வரும். உண்மைதான், தாங்கும், ஆனால் கடல்நீர் நல்ல தண்ணீரைவிட இரண்டரை சதவீதம்தான் அடர்த்தி கூடியது. 14 கோலிக்கு அது அரைக் கோலி கூட இல்லை. வகுப்பில் அந்த வேறுபாடு தெரியாது. தெரிந்ததாகப் பிள்ளைகள் உங்களுக்காகச் சொல்வார்கள். அதற்கு முட்டைதான் சரி.

கடலில் எத்தனை கரண்டி உப்பு?

இரண்டு தெளிவான பாத்திரம். ஒன்றில் 300 மி.லி. நல்ல தண்ணீர், மற்றதில் 300 மி.லி. கடல்நீர். பச்சை முட்டையை ஆப்பைக் கரண்டியால் இறக்குங்கள். புதிய முட்டை இரண்டிலுமே மூழ்கும். கடலில் மிதக்கும் என்று யூகம் எழுதிய பிள்ளைகள் திகைப்பார்கள்; திகைக்கட்டும்.

முட்டையை வெளியே எடுத்து, ஒரு டீஸ்பூன் பொடி உப்பைத் தலைதட்டிப் போட்டு, அடியில் ஒன்றும் தங்காத வரை கலக்கி, முட்டையை மறுபடி இறக்குங்கள். மிதக்கும் வரை இப்படியே. நல்ல தண்ணீருக்கு 5 முதல் 8 கரண்டி ஆகும். கடல்நீருக்கு அதைவிட ஏறக்குறைய இரண்டு குறையும். அந்த இரண்டு கரண்டிதான் கடல் ஏற்கெனவே வைத்திருந்த உப்பு. லிட்டருக்குச் சுமார் 35 கிராம், 300 மி.லி.க்குப் பத்து கிராமுக்குச் சற்று மேல், ஒரு தலைதட்டிய டீஸ்பூன் 5 முதல் 6 கிராம். கணக்கு ஒத்துப்போவதை ஐந்தாம் வகுப்பு தானே கண்டுபிடிக்கும்.

கெடுவது எங்கே என்றால், முதலாவதாகக் கல் உப்பு. கரையாமல் அடியில் கிடந்து கணக்கைக் கெடுக்கும். இரண்டாவது, இரண்டு பாத்திரத்துக்கும் வேறு வேறு முட்டை. நாளான முட்டைக்குள் காற்றறை பெரிதாகிவிடும், குறைந்த உப்பிலேயே மிதக்கும். எனவே ஒரே முட்டையை நல்ல தண்ணீரில் கழுவி மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். மூன்றாவது, குவித்து அள்ளிய கரண்டி. ஸ்கேலின் ஓரத்தால் வழித்துவிடப் பழக்குங்கள். முட்டை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்பே அடுத்த வேலை.

அதே நாளில் உப்பு விளைவிக்கவும் தொடங்குங்கள். வாலிநோக்கத்திலும் திருப்பாலைக்குடியிலும் பாத்தி கட்டி நடப்பதை வராந்தாவில் செய்வதுதான் இது. 200 மி.லி. கடல்நீரை மூன்று பாத்திரத்தில் அளந்து ஊற்றுங்கள்: டம்ளர், கிண்ணம், 25 செ.மீ. சாப்பாட்டுத் தட்டு. நீரின் அளவு ஒன்றே, வாய் அகலம் மட்டும் வேறு. தட்டில் நீர் அரை செ.மீ. கூட நிற்காது, மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து ஒன்றிரண்டு நாளில் உப்பாக்கிவிடும். கிண்ணத்துக்கு அதைவிடக் கூடுதலாக ஓரிரு நாள். டம்ளருக்கு ஒரு வாரத்துக்கு மேல், பல சமயம் பத்து நாளுக்கும் மேல். தினமும் காலை 10 மணிக்கு நீர்மட்டத்தை ஸ்கேலால் மி.மீ. கணக்கில் எழுத வேண்டும். உப்பளத்தில் பாத்தி ஏன் கணுக்கால் ஆழம் கூட இல்லாமல் பரந்து கிடக்கிறது என்பதற்கு அந்த அட்டவணையே விடை.

தட்டை வெயிலில் வையுங்கள். கொசுவலைத் துணியால் மூடி ஓரத்தைக் கட்டுங்கள், இல்லாவிட்டால் உப்பைவிட மணல்தான் கூடும். அலுமினியத் தட்டு அரிக்கும், எவர்சில்வரோ பீங்கானோ போதும். 200 மி.லி.க்கு 7 கிராம் உப்புதான் கிடைக்கும். கடைசியில் கொஞ்சம் நீர் காயாமல் பிசுபிசுவென்று நிற்கும். அது மக்னீசியம் உப்புகள் கரைந்த கசப்பு நீர். உப்பளத்தில் அதை வடித்து வெளியேற்றுவார்கள். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிடாமல், உப்பைத் துணியில் இட்டு வடியவிட்டுக் காட்டுங்கள். வாயில் வைக்க அனுமதிக்காதீர்கள்.

இரண்டாம் வாரம்: நிழல் எந்தப் பக்கம் விழும்?

மதியம் 12 மணிக்கு நிழல் காலடியில் விழும் என்பார்கள் பிள்ளைகள். சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், நிழல் வடக்கே விழும் என்று எழுதியிருக்கும் பாடக்குறிப்புகளும் உண்டு. ஜூனில் நம் கரையில் இரண்டும் பொய். ராமநாதபுரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகைக்குச் சற்று மேல் இருக்கிறது. ஜூன் 21-இல் சூரியன் கடக ரேகைக்கு மேல், அதாவது ஏறக்குறைய 23.5 பாகையில் நிற்கும். நம் உச்சிக்கு 14 பாகை வடக்கே. எனவே மதிய நிழல் தெற்கே விழும். 1 மீட்டர் கம்புக்கு அதன் நீளம் சுமார் 25 செ.மீ.

130 செ.மீ. கம்பை 30 செ.மீ. ஆழத்துக்கு நட்டு, தரைக்கு மேல் சரியாக 1 மீட்டர் நிற்க வையுங்கள். மணல் தரை என்றால் குழியில் செங்கல் ஜல்லி இட்டு இறுக்குங்கள். நேராக நிற்கிறதா என்பதைக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போல நூலில் கல் கட்டி இரண்டு பக்கமும் பாருங்கள். கண்ணால் பார்த்து நேர் என்று விட்டுவிடுவதுதான் இந்தச் செயலின் பெரிய கோளாறு; கம்பு 5 செ.மீ. சாய்ந்தால் 25 செ.மீ. நிழலில் அதே 5 செ.மீ. பிழை.

10 மணி முதல் 2 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை, நிழலின் நுனியில் மட்டி ஓடு வைத்து நீளம் அளக்கலாம். 12 முதல் 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் ஒரு குழு மட்டும் வெளியே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பட்டும். சூரியனை நேரே பார்க்கக் கூடாது. 10 மணிக்கு 70 செ.மீ.க்கு அருகில் இருக்கும், 2 மணிக்கு 55-க்கு அருகில். இரண்டும் ஏன் சமமாக இல்லை? மிகக் குறுகிய நிழல் 12 மணிக்கு வருவதில்லை. ஜூன் நடுவில் 12.15-ஐ ஒட்டி வரும். நம் கடிகாரம் 82.5 பாகைக் கிழக்கு ரேகைக்கு உரியது. ராமநாதபுரம் 79-ஐ ஒட்டி மேற்கே இருக்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். நான்காம் ஐந்தாம் வகுப்பு இதைக் கணக்காகவே செய்யலாம். சிறு வகுப்புகளுக்கு நண்பனின் நிழலைச் சுண்ணக்கட்டியால் காலையிலும் மதியத்திலும் வரைந்து ஒப்பிட்டால் போதும்.

கம்பைப் பிடுங்காதீர்கள். மாதம் ஒருமுறை அளந்தால் தெற்கு நிழல் குறைந்துகொண்டே வந்து ஆகஸ்ட் கடைசி வாரத்தில் ஏறக்குறைய மறைந்து, செப்டம்பரில் வடக்கே விழத் தொடங்கும்.

காற்றாடியும் வலைக்கண்ணும்

இவை இரண்டும் அரை நாள் வேலை. பனங்குருத்தோலையில் ஈர்க்கை நீக்கி, 20 செ.மீ. நீளம் 2 செ.மீ. அகலத்தில் இரண்டு பட்டை. சிலுவையாக வைத்து நடுவில் கருவேல முள்ளால் குத்தி, முன்னும் பின்னும் ஒரு பாசிமணி கோத்து, ஓலைக்காம்பில் செருகுங்கள். சுற்றவில்லை என்றால் இறக்கைகளின் முறுக்கைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிநோக்கிப் பார்க்கும்போது நான்கு இறக்கையிலும் வலது ஓரமே முன்னால் வர வேண்டும். ஒன்று மாறினாலும் வேகம் விழும், இரண்டு மாறினால் நின்றேவிடும். முற்றிய ஓலை கையை அறுக்கும், வெட்டுவதைப் பெரியவர் செய்யட்டும். பிறகு இரண்டு இறக்கை, நான்கு இறக்கை, ஆறு இறக்கை என்று மாற்றி, ஓர் இறக்கைக்குச் சிவப்பு மை பூசி, 10 நொடியில் எத்தனை சுற்று என்று எண்ணலாம். கச்சான் வலுத்து வீசும்போது எண்ண முடியாது. சுவர் மறைவில், மெல்லிய காற்றில் எண்ணுங்கள்.

வலைத்துண்டுகளை அட்டைப்பெட்டியின் வாயில் இழுத்துக் கட்டி, கோலி, நெல்லிக்காய், புளியங்கொட்டை ஒவ்வொன்றிலும் 20 போட்டு 30 நொடி குலுக்கி, எது எத்தனை தங்கியது என்று அட்டவணை இடுங்கள். சிறிய கண் எல்லாவற்றையும் பிடித்துவிடும். குஞ்சு மீன் தப்ப வேண்டியது ஏன் என்ற பேச்சு தானாக வரும். பிறகு அதே வலையில் சாயம் தடவித் தாளில் அச்செடுத்தால் சாய்சதுரங்கள் விழும். அதில் சமச்சீர்க் கோட்டைத் தேடச் சொல்லுங்கள். கலைக்கும் வடிவியலுக்கும் சேர்த்து ஒரு பாடவேளை போதும்.

மூன்றாம் வாரம்: தூக்குப் பாலம்

நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு இரண்டு நாள் வேலை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கதவாகப் பிரிந்து மேலே எழுந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று அப்படியே 17 மீட்டர் செங்குத்தாக ஏறும். 1 செ.மீ. = 2.5 மீட்டர் என்று அளவுகோல் வைத்தால் துண்டு 29 செ.மீ., ஏற்றம் 6.8 செ.மீ. இந்த வகுத்தலைப் பிள்ளைகளே செய்த பிறகுதான் கத்தரியைக் கையில் கொடுக்க வேண்டும்.

29 × 8 செ.மீ. அட்டை, அடியில் இரண்டு ஐஸ் குச்சி ஒட்டி விறைப்பாக்கியது. இரண்டு பக்கமும் 30 செ.மீ. உயரக் கோபுரம், மணல் நிரப்பிய அட்டைப்பெட்டி அடித்தளம். ஒவ்வொரு கோபுரத்தின் உச்சியிலும் பென்சிலை அச்சாக்கி ஒரு நூல்கண்டு ரீல். துண்டின் இரு முனையிலும் இரண்டு மூலை நூல்களை ஒன்றாக முடிந்து, அந்தந்தப் பக்கத்து ரீலுக்கு மேல் ஏற்றி, மறுபக்கம் காலித் தீப்பெட்டியைத் தொங்கவிடுங்கள். தீப்பெட்டிக்குள் மணலைச் சிட்டிகை சிட்டிகையாக, இரண்டு பக்கமும் சமமாக இடுங்கள். துண்டை எந்த உயரத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்போது எதிர்எடை சரி. அப்போது ஒரு விரலால் தொட்டாலே ஏறும்.

தானே ஏறினால் மணல் கூடுதல். எங்கே விட்டாலும் நிற்கிறது, ஆனால் விரலால் அழுத்தினாலும் நகர மறுக்கிறது என்றால் ரீல் பென்சிலில் இறுகியிருக்கிறது. பென்சிலில் மெழுகு தேயுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து ஏறினால் நூல்களின் நீளம் வேறு. முடிச்சை அவிழ்த்துத் திருத்துவதைவிட, நூலைத் துண்டின் விளிம்பில் வெட்டிய பிளவில் செருகி வைத்தால் இழுத்துச் சரிசெய்வது எளிது. கோபுரம் உள்ளே சாய்ந்தால் அடித்தளத்தில் மணல் போதவில்லை. அரை கிலோவாவது வேண்டும்.